நமீபியாவுக்கு இருவர்

ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகவேண்டும் என்ற ஆசையை நான் முதலில் சொன்னது மனைவியிடம் அல்ல, வேலையிடத்து நண்பரிடம். அவர் ஒன்ராறியோவின் வடக்கே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். ஒவ்வொரு நவம்பரிலும் நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் மான் வேட்டைக்குப் போவோம். சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. சிங்கம், யானை, எருமை என்று ஆசைப்படாமல் புல்வெளி மான்களோடு நின்றுவிட்டால், இங்கே வழிகாட்டி வைத்து மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாடப் போகிற செலவுக்குள் முடிந்துவிடும் என்றார். பிறகு, “மனைவியிடம் கேட்டாயா?” என்றார்.

கேட்கவில்லை. காரணம் இருந்தது. மனைவி யாழ்ப்பாணத்தில் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் வளர்ந்த பிள்ளை. இங்கு வந்து இத்தனை வருடமாகியும், பட்டாசு வெடிக்கும் நாட்களில் மில்லிக்கனில் எங்கள் வீட்டு யன்னல்கள் எல்லாம் பூட்டியிருக்கும். என் வேட்டைத் துவக்கு நிலக்கீழ் அறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த மூலைக்கு அவள் போனதே இல்லை. நான் கொண்டுவரும் மான் இறைச்சியை மிளகு தூக்கலாகப் போட்டு வறுப்பாள். வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள்.

ஒரு ஞாயிறு காலை, தேத்தண்ணிக்கு முன்னால் சொல்லிவிட்டேன்.

“நமீபியாவோ? அங்கை என்ன இருக்கு?”

“குடு எண்டு ஒரு மான். முறுக்கின கொம்பு. அதைத் தேடித்தான்.”

“குடுவோ? எயார்போர்ட்டிலை உந்தப் பேரைச் சொல்லிப்போடாதேங்கோ. ஊர் ஆக்கள் ஆரும் கேட்டால் போதைத்தூள் கடத்தப் போறியள் எண்டு நினைப்பினம்.”

நானும் சிரித்தேன். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னேன். “வெடிச்சத்தம் உமக்குச் சரிவராது எண்டு தெரியும். நான் ஒரு கிழமையிலை வந்திடுவன். நீர் அக்கா வீட்டை போய் நில்லும்.”

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். “வேலை, பிள்ளையள், மோட்கேஜ் எண்டு ஓடினம். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு இடம் போயிருக்கிறமோ, சொல்லுங்கோ? முதல் முதலாப் போற நேரம் என்னை அக்கா வீட்டை விட்டிட்டுப் போறியளோ? நானும் வாறன்.”

அன்று தொடங்கியது எங்கள் திட்டமிடல். நான் நினைத்திருந்த பயணம் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றாகியது.

துவக்கை இங்கிருந்து கொண்டுபோவதில்லை என்பது முதல் முடிவு. விமானம் மாறுகிற நாட்டுக்கு ஒரு அனுமதி, போகிற நாட்டுக்கு இன்னொன்று என்று அலைவதைவிட, அங்கேயே வாடகைக்கு எடுப்பது மலிவு. அடுத்தது கொம்பு. மிருகத்தின் தலையைப் பதப்படுத்தி இங்கே அனுப்புகிற செலவு, மிருகத்தைச் சுடக் கட்டுகிற காசையும் தாண்டும் என்று நண்பர் எச்சரித்திருந்தார். அதைச் சொன்னபோது மனைவி, “உந்தத் தலை சுவரிலை ஏறினால் நான் மற்ற அறைக்கு மாறிப் போயிடுவன்” என்றாள். இரண்டு காரணமும் சேர்ந்ததில் கொம்பை விட்டுவிட்டோம். எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான். படம் எடுத்தால் போதும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எங்கே தங்குவது என்பதுதான் இழுபட்டது. நான் பண்ணைகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வேட்டையாடாமல் கூட வருகிறவருக்குக் குறைந்த கட்டணம் என்று எல்லோரும் எழுதினார்கள். மனைவி தன் பங்குக்கு ஒரே கேள்வியைச் சேர்த்திருந்தாள்: தங்குகிற வீட்டுக்கு வெடிச்சத்தம் கேட்குமா?

ஒரு பண்ணை, பெண்களுக்கு மசாஜ் உண்டு, கடைத்தெருவுக்குக் கூட்டிப்போக வாகனம் உண்டு என்று பதில் போட்டது. “நான் கேட்டது என்ன, அவை சொல்லுறது என்ன” என்று அதைத் தள்ளிவிட்டாள். இன்னொரு பண்ணை, ஒன்றும் கேட்காது, கவலை வேண்டாம் என்றது. “எப்பிடிக் கேக்காமல் போகும்?” என்று அதையும் தள்ளினாள்.

மூன்றாவது பண்ணையை ஒரு கணவனும் மனைவியும் நடத்தினார்கள். அந்த அம்மா வீடியோவில் பேசலாம் என்றார். திரையில் வெயிலில் கறுத்த முகமும் நரைத்த குட்டை முடியுமாக வந்தார். மனைவியின் கேள்வியைக் கேட்டதும் யன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தார்.

“காற்று வீட்டுப் பக்கம் அடித்தால் கேட்கும்” என்றார் பிறகு. “கேட்காது என்று சொன்னால் பொய். ஆனால் மிருகத்தை நெருங்கத் தொடங்கியதும் என் கணவர் ரேடியோவில் எனக்குச் சொல்லுவார். நான் உங்களுக்குச் சொல்லுவேன். வேண்டுமென்றால் இருவரும் காரை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடலாம்.”

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இந்த மனுசியிட்டைப் போவம்.”

பதிவுசெய்ய முன் அவள் இன்னொன்றும் கேட்டாள். பாதி நாட்கள் துவக்கே இல்லாமல் இருக்கவேண்டும், யானை பார்க்கத் தேசியப் பூங்காவுக்குப் போகவேண்டும். நான் மூன்று வகை மான் அடிக்கலாம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். ஒன்றோடு நிறுத்தினேன். செலவும் குறைந்தது என்பதை நண்பரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

கோடை தொடங்க, நகரத்துக்கு வடக்கே நான் பயிற்சிக்குப் போகிற சுடுதளத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். போன இடத்தில் காரை விட்டு இறங்கவில்லை. யாரோ சுட்ட முதல் சத்தத்துக்கே இருக்கையில் குனிந்துவிட்டாள். திரும்பிப் போவோமா என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள். நெடுநேரம் கழித்து, காதுக் கவசத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி வந்து என் பின்னால் நின்றாள்.

“சொல்லிப்போட்டுச் சுடுங்கோ.”

“இப்ப சுடப்போறன்” என்று சொல்லிச் சுட்டேன். திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள், ஆனால் நின்றாள். அடுத்த தடவையும் சொல்லிச் சுட்டேன். அதற்கடுத்த தடவை கண் திறந்திருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில், ஸ்டீல்ஸ் தெருச் சிக்னலில் கார் நின்றபோது சொன்னாள்: “சத்தமில்லையப்பா பிரச்சினை. அப்ப ஊரிலை ஆரும் சொல்லிப்போட்டுச் சுடேல்லை.”

அதே ஊரில், அதே காலத்தில் நானும்தான் வளர்ந்தேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அவளுக்கு எது பயம் என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் விடுவதுதான் மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

அடுத்த வருடம் யூலையில் போனோம். அங்கே அது குளிர்காலம். புல் காய்ந்து, தூரம்வரை வெளித்துக் கிடந்தது. முதல் இரண்டு நாளும் நான் பண்ணைக்காரரோடு நடந்து நடந்து வெறுங்கையோடு வந்தேன். மனைவி அந்த அம்மாவோடு ஆடுகளுக்குத் தீவனம் வைத்தாள், பாண் சுடப் பழகினாள். மூன்றாம் நாள் காலை, யாரும் கேட்காமலே தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்கள் வண்டியில் ஏறினாள்.

குடுவைக் கண்டது அவள்தான். நாங்கள் இருவரும் மலைச்சரிவையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் தொலைநோக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி, “உந்த முள்மரத்துக்குக் கீழை காது ஒண்டு ஆடுது” என்றாள். பண்ணைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவள் நீட்டிய விரல் போதுமாயிருந்தது. மரத்தின் நிறத்திலேயே கொம்பும் உடம்பும் ஒளிந்திருந்தன.

அவளை ஒரு பாறைக்குப் பின்னால் இருத்திவிட்டு நாங்கள் தவழ்ந்து போனோம். சுடுமுன் நான் திரும்பிக் கையை உயர்த்தினேன். அவள் காதைப் பொத்தினாள். ஒரே வெடி. குடு கொஞ்சத் தூரம் ஓடி விழுந்தது.

அவள் கிட்ட வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வந்தாள். அதன் கழுத்து மயிரைத் தடவினாள். கண் கலங்கியிருந்தது. “என்ன வடிவான சீவன்” என்றாள். “சந்தோசமோ உங்களுக்கு?”

“ஓம். கவலையாவும் கிடக்கு.”

“எனக்கும் அப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டுப் பண்ணைக்காரருக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். இறைச்சி பண்ணையில் வேலை செய்கிற குடும்பங்களுக்குப் போனது.

மிச்ச நாட்களில் பூங்காவில் யானைகளைப் பார்த்தோம். நீர்நிலையோரம் காரை நிறுத்திவிட்டு, யானைகளை விட்டு அசைய அவள் மறுத்த ஒரு பிற்பகல், எனக்கு அந்தப் பயணத்தின் மிக நல்ல பொழுது. வேட்டைக்காரன் இதைச் சொல்வது நண்பருக்குப் பிடிக்கவில்லை.

வந்தபின் கல்யாண வீடுகளில் யாராவது நமீபியா பற்றிக் கேட்டால், கதை சொல்வது மனைவிதான். அவள் காது ஆடக் கண்ட அந்த முள்மரம் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் தூரத்துக்குப் போய்விடுகிறது. நான் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இன்னொருக்காப் போவியளோ என்று அவர்கள் கேட்டால், “இவர் வேணுமெண்டால் போகட்டும். நான் யானை பாக்கிறதெண்டால் மட்டும் வருவன்” என்பாள்.