ராத்தாவின் தண்ணீரும் மாமாவின் பற்றரியும்

அந்த இரண்டு கிழமையும், பதினாலு நாளும், எங்கள் வீட்டில் ஒருவராலும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. என் அக்கா ராத்தாவுக்கு மாதம் நிறைந்திருந்தது. முந்தின வருடம் சிலாவத்துறையிலிருந்து மன்னார் ஆஸ்பத்திரிக்கு அவளை மாட்டு வண்டியில் கொண்டுபோனபோது, பாதி வழியிலேயே பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. இந்த முறை அப்படி விடமாட்டேன் என்று, உம்மாவின் தம்பியான மாமா தன் வாடகைக் காரைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் நிறுத்தினார். வெள்ளைக்காரத் துரைமாருக்கு அடுத்தபடியாகக் கார் வைத்திருப்பவர் தாம்தான் என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சம் உண்டு.

வந்த மறுநாளே கார் கிளம்பவில்லை. கடற்காற்றுப் பட்டுப் பற்றரிக் கம்பி முனைகளில் பச்சையாகப் பூத்திருந்ததைச் சுரண்டிவிட்ட பிறகு கிளம்பியது. "பற்றரிக்குக் கொஞ்சம் வருத்தம். இனிச் சரி," என்றார் மாமா. எட்டு வயதுச் சிறுமியான நான் எப்போதும் பெரியவர்கள் பேசும் இடத்தில்தான் நிற்பேன். அதையும் கேட்டுக்கொண்டேன்.

உம்மாவின் வைத்தியம் வேறு. பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணீரில் ஒரு சின்னக் கோப்பை ஒவ்வோர் அந்தியிலும் ராத்தா குடிக்கவேண்டும். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. உம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் ராத்தா கோப்பையை என்னிடமே நீட்டுவாள்.

"எனக்குக் குமட்டுது. கால் படாத இடமாப் பாத்து ஊத்து. உம்மாட்டச் சொல்லாத."

ஓதின தண்ணீர் மிதிபடக் கூடாது. ஆனால் எங்கள் வீட்டு வளவில் ஆடும் கோழியும் மிதிக்காத இடமே இல்லை. அவை விட்டுவைத்த இடத்தையும் நான் மிதித்திருப்பேன். கடைசியில் எனக்கு நல்ல யோசனை ஒன்று வந்தது. மாமாவின் காரில் உட்காரும் சீற்றைத் தூக்கினால் அடியில் பற்றரி. அங்கே யார் காலும் படாது. அதுவும் வருத்தக்காரப் பற்றரி, அதன் நோய்க்கும் மருந்தாகும். மூன்று மூடிகளையும் திறந்து பங்குபோட்டு ஊற்றினேன். ஒவ்வோர் அந்தியிலும் ஊற்றினேன். சில நாளில் நிரம்பி என் மடியிலும் வழிந்தது. இரட்டை நன்மை செய்கிறேன் என்று எனக்கு ஒரே பெருமை.

மாமா பாவம். கைபிடியைப் போட்டுச் சுற்றிக் காரைக் கிளப்பி, பக்கத்து ஊரான அரிப்புவரை ஓட்டிப்போய் வந்தார். பற்றரிக்கு மின்சாரம் ஏறுவதை முள் காட்டியது. மாலையில் தொட்டவுடன் கிளம்பும். விடிந்தால் ஒரு முனகல், அவ்வளவுதான். எங்கோ கசிகிறது என்று படுக்கப்போகுமுன் கம்பியைக் கழற்றி வைத்தார். அப்படியும் காலையில் செத்துக் கிடந்தது. பிறகு கைபிடியைச் சுற்றினாலும் பொறி வராத நாளும் வந்தது. எங்கள் மணலில் தள்ளவும் முடியாது.

"இவளுக்கு நோவு வாற நேரத்தில இது இப்படிக் கிடந்தா என்ன செய்யிறது, தம்பி?" என்று உம்மா கேட்டார். மாமா மன்னாருக்கு ஆள் அனுப்பினார்.

அரசாங்கக் கச்சேரித் துரையின் காரைப் பார்க்கிற மெக்கானிக் பஸ்ஸில் வந்தார், கையோடு இன்னொரு பற்றரியும் கொண்டுவந்தார். உள்ளே மிதவை கிடக்கும் கண்ணாடிக் குழாயால் பற்றரியின் மூன்று வாயிலிருந்தும் உறிஞ்சிப் பார்த்தார். மூன்றிலும் மிதவை அடியில் போய்க் கிடந்தது.

"இதுக்குள்ள என்ன தண்ணி விட்டனீங்கள், முதலாளி?"

"மழைத்தண்ணிதான். போத்தில்ல பிடிச்சு வச்சிருக்கிறன்."

"இல்லை. அசிட்டெல்லாம் தண்ணியாப் போச்சு. ஆரோ உவர்த்தண்ணி விட்டிருக்கினம். தகடெல்லாம் பழுது."

பேசிக்கொண்டே அவர் என் சட்டையைப் பார்த்தார். மடியில் அசிட் அரித்துப் பொத்தல் பொத்தலாக ஓட்டைகள். ஒரு கிழமையாக உம்மா கரப்பான் பூச்சியைத் திட்டிக்கொண்டிருந்த ஓட்டைகள்.

"பிள்ளை, இங்கால வாங்கோ. நீங்களோ விட்டனீங்கள்?"

ஜன்னலில் ராத்தாவின் முகம் தெரிந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம். கிணத்துத் தண்ணி," என்றேன். அது பொய்யில்லை. லெப்பை ஓதியதும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான்.

"உன்ர ராத்தாவைக் கொல்லப் பாத்தியே," என்று உம்மா என் முதுகில் வைத்த அடி இன்றைக்கும் நினைவிருக்கிறது. அடித்துவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார். உம்மா கை ஓங்கினால் குறுக்கே வந்து விழுகிற ராத்தா அன்று வரவில்லை.

மறுநாள் பகலில் ராத்தாவுக்கு நோவு கண்டது. புதிய பற்றரியில் கார் தொட்டவுடன் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் மகன் பிறந்தான். ஆஸ்பத்திரியே எழும்பும்படி அழுதானாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று உம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் சொன்னார்: "ஓதின தண்ணி கைவிடேல்ல. ஒரு நாளும் தவறாமக் குடிச்சவள்."

"ஓம் உம்மா," என்றாள் ராத்தா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி எனக்கு, பெயர் அவள் ஒரு சொட்டும் குடிக்காத தண்ணீருக்கு. எனக்கு இரகசியமாக ஒரு சிரிப்பாவது தருவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். குமட்டல் இன்னும் போகவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

முந்தின வருடமும் அதே லெப்பைதான் ஓதினார். அந்த முறை அவள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்; குடித்தும் பிள்ளை அழாமலே போனது. தினமும் வெறுங்கோப்பையை வாங்கிக் கழுவிவைத்தவள் நான்தான். அப்படியிருந்தும் குமட்டல் என்று அவள் சொன்னதைப் பல வருடங்கள் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.