மலைக்கு அந்தப் பக்கம் கேட்காத வானொலி

காலை ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் விழுப்புரம் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. எழிலரசி அக்கா போய்விட்டார். மைக் திறந்திருந்ததால் வாய்விட்டு அழவும் முடியவில்லை. மஞ்சள் காமாலை என்று படுத்தவர், சீக்கிரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

செஞ்சியில் எங்கள் சமூக வானொலியைத் தொடங்கி வளர்த்தவர் அவர். நான் அங்கே ஒலிப்பதிவு பார்ப்பவன். முதலில் கடைத்தெருவில் ஒரு மாடி அறை, எதிரொலி அடங்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை, ஒரே மைக். சினிமாப் பாட்டு போட்டால்தான் பிழைக்கலாம் என்று ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "அதைப் போட ஊருப்பட்ட ரேடியோ இருக்குது. அதுக்கு நாம எதுக்கு?" என்றார். பறையையும் ஒப்பாரியையும் போட்டார். கல்லூரிப் பிள்ளைகள் கிதாரை வைத்துக்கொண்டு கத்தியதையும் போட்டார்.

பறை ஒலித்த முதல் வாரமே ஒரு டீக்கடைக்காரர் படியேறி வந்துவிட்டார். "காலங்காத்தால சாவு மேளம் இன்னாத்துக்கும்மா? யாவாரமே படுத்துடுச்சு."

அக்கா மைக்கை மூடாமலே பதில் சொன்னார். "எங்க நைனா ஊர்ச் சாவுக்கெல்லாம் அடிச்சாரு. கூலி கேட்டதுக்கு அடி வாங்கினாரு. தன் ஆசைக்குன்னு ஒரு நாளும் அடிச்சது இல்ல. இது அவரு ஆசைக்கு அடிக்கிறதுன்னு வெச்சுக்குங்க."

சிலர் அன்றோடு எங்களைக் கேட்பதை விட்டார்கள். ஜன்னலில் கல்லும் விழுந்தது. ஆனால் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பறையோடு ஆட்கள் வர, மாடி அறை போதாமல் தனிக் கட்டடத்துக்கு மாறினோம். அவர்களுக்கு அக்கா போட்ட கட்டளை ஒன்றுதான்: இங்கே வாசிப்பவர்கள் எந்தப் பிணத்துக்கு முன்னாலும் வாசிக்கக் கூடாது.

அவருக்கு ஒரு குறை இருந்தது. அவரது ஊர் கோட்டை மலைக்கு அந்தப் பக்கம். எங்கள் அலை மலையைத் தாண்டாது. உயரமான டவருக்கு அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். கால் முடியாமல் ஊரிலேயே கிடந்த அம்மாவுக்கு ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் இரைச்சல் மட்டும்தான் வரும். அம்மா தினமும் அதைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாராம். அதைச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

நான் விழுப்புரம் போய்ச் சேர்ந்ததும் பறைக் குழுவின் குமார் அழைத்தான். "அக்கா முன்னாடி அடிக்க மாட்டோம்ண்ணா. அடிச்சா எந்திரிச்சு வந்து திட்டும். ஸ்டேஷன்லயே அடிக்கிறோம். நீ வண்டியில ரேடியோவைப் போடு."

அக்காவை அவர் ஊருக்கு ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் செஞ்சியை நெருங்கியதும் அதன் ரேடியோவில் பறை கேட்டது. மகளைப் பார்க்க முந்தின இரவு மருத்துவமனைக்குத் தூக்கிவந்திருந்த அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்; பறையைக் கேட்டு நிமிர்ந்தார். "இதான் எம் பொண்ணு ரேடியோவா?" என்றார். ஆமாம் என்றேன். கடைத்தெரு தாண்டும்வரை கண்ணை மூடிக் கேட்டார். மகளைக் கொடுத்துத்தான் அவரால் அதைக் கேட்க முடிந்தது.

திருவண்ணாமலைச் சாலையில் மலையைத் தாண்டியதும் பறை விட்டுவிட்டு வந்தது. பிறகு வெறும் இரைச்சல். டிரைவர் அணைக்கக் கை நீட்டினார்.

"அணைக்காத தம்பி, இருக்கட்டும்," என்றார் அம்மா. "இதுலதான் எம் பொண்ணு இருக்குதுன்னு இத்தினி நாளா கேட்டுக்னு இருந்தேன்."

வீடு வரை அது இரைந்துகொண்டே வந்தது. போய் வாருங்கள், அக்கா.