ஜெயராணி அக்கா நீக்கிய அத்தியாயம்

மெட்ரோவிலிருந்து வெளியே வந்து போனைப் பார்த்தபோது ஜெயராணி அக்காவின் மகள் துஷாந்தியிடமிருந்து மூன்று செய்திகள் வந்திருந்தன. கடைசியை முதலில் படித்தேன்: "சனிக்கிழமை பதினொரு மணிக்கு." எது என்று புரியவில்லை. மேலே நகர்த்தினேன். "அம்மா போயிட்டா அண்ணா."

ஜெயராணி அக்காவை உங்களில் பலருக்கு டோர்வல் விமான நிலையத்தருகே, விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் கூடத்தில் தெரியும். மட்டக்களப்புக்காரர். கார்ட்டியர்வில்லில் எனக்கு மேல்வீடு. வேலை போக மிச்ச நேரத்தில் அவர் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தது எத்தனை பேருக்குத் தெரியுமோ. அமெரிக்கா புதிதாகக் குடியரசான காலத்தில் நிலமும் ராணுவப் பதவியும் எப்படிக் கை மாறின என்பதுதான் அவர் ஆய்வு.

"அமெரிக்காக்காரன் நிலத்துல உங்களுக்கு என்னக்கா வேலை?" என்று, அவர் உதவி கேட்டு வந்த முதல் நாளே கேட்டேன்.

"காணியக் குடுத்துப் பட்டாளப் பதவி வாங்கினவன் எந்த ஊரான் எண்டா என்ன தம்பி? நீங்க டேபிளப் போடுங்க."

போட்டுக் கொடுத்தேன். டேட்டா இன்ஜினியருக்கு வேறென்ன தெரியும்? கடைசி அத்தியாயம் ஒரு படை அதிகாரியைப் பற்றியது. செல்வாக்குள்ள அரசியல்வாதி ஒருவருக்கு ஆற்றோர நிலத்தை அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்துத்தான் அந்த அதிகாரி கர்னல் ஆனார் என்று அக்கா எழுதியிருந்தார். தேதிப்படி வரிசைப்படுத்தினேன். பதவி முதலில் வந்தது, நிலம் பிறகு.

"அக்கா, இது தப்பு. வேலை கிடைச்ச அப்புறம் எவனாவது லஞ்சம் குடுப்பானா?"

"எங்கட ஊரில அதுக்கும் குடுப்பாங்க."

"ஜோக்கெல்லாம் வேணாம்க்கா. இந்த சேப்டர் நிக்காது."

"சரி, எடுத்துப் போடுவம்" என்றார். இரண்டு வருட உழைப்பு.

அவர் போனபின், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒழுங்குபடுத்தித் தரும்படி துஷாந்தி கேட்டாள். அன்றுதான் அந்த ஆற்றோர நிலப் பத்திரத்தின் நகலை முழுதாகப் படித்தேன். நான் அட்டவணையில் ஏற்றியிருந்தது அலுவலகத்தில் பதிவான தேதி. கையெழுத்துப் போட்ட தேதி அடியில் இருந்தது, பதவிக்கு முந்தியது. அக்கா சொன்னதே சரி.

அந்தத் தேதியின் கீழே அக்காவின் பென்சில் கோடு. இதுதான் எனக்கு விளங்கவில்லை. தெரிந்தே விட்டுக்கொடுத்தாரா? என் கணினியை நம்பித் தன் கண்ணைச் சந்தேகப்பட்டாரா? என்னோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லையா? எப்படி யோசித்தாலும் ஒன்று இடிக்கிறது.

அத்தியாயத்தைத் திரும்பச் சேர்க்கப் போவதாகத் துஷாந்தியிடம் சொன்னேன்.

"அம்மா எடுத்தத நீங்க ஏன் திருப்பிப் போடுறீங்க?"

"எடுக்க வெச்சது நான்."

"அப்ப அதையும் எழுதுங்க."

எழுதினேன். அத்தியாயம் உள்ளே போய்விட்டது. அடிக்குறிப்பில் என் பெயரும் பிழையும் இருக்கின்றன. பென்சில் கோடு போட்ட அந்தத் தாளை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே அக்கா.