சித்தி என்று கூப்பிடும் பிள்ளையோடு பதினொரு மணி நேரம்

எங்கள் வரிசையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஜன்னல் பக்கம் நான். நடுவில் என் மகன் நிரோஷன், வயது இரண்டும் மூன்று மாதமும். நடைவழிப் பக்கம் பரமேஸ்வரி டீச்சர். பருத்தித்துறையில் படிப்பித்து ஓய்வு பெற்று, லண்டனில் மகளோடு இருப்பவர். இவர்களோடு நான்காவதாக ஒருவரையும் சொல்லவேண்டும். அவர் விமானத்தில் இல்லை, தெமோதரையில் இருந்தார். ஆனால் வழி முழுக்க அவர் பெயர்தான் அடிபட்டது.

2005 மாசி மாதம். என் கணவர் லண்டனுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்கு விசா வந்ததும் உடனே புறப்பட்டு வரச் சொன்னார். சின்னப் பிள்ளையோடு தனியாகப் பறக்கப் போகிற தாய்மார் பலர் இந்தப் பக்கத்தில் கேட்டு எழுதுவதால், நான் பட்டதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டு விஷயம். தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். நிரோஷன் பிறந்த மூன்றாம் மாதம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து பதுளை ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தேன். அப்போது அவனுக்குப் பால் கரைத்துக் கொடுத்ததும் தூங்கவைத்ததும் என் ஓரகத்தி ராஜம்மா அக்காதான். அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர்கள் அவரை அம்மா என்பார்கள், என்னைச் சித்தி என்பார்கள். நிரோஷனுக்குப் பேச்சு வந்தபோது அவனும் அப்படியே கூப்பிட்டான். அவருக்கு அம்மா, எனக்குச் சித்தி. எல்லோரும் சிரித்தோம். அக்கா திருத்தப் பார்த்தார், நான்தான் விட்டுவிட்டேன். எப்படிக் கூப்பிட்டாலும் என் பிள்ளைதானே என்று இருந்தேன்.

தெமோதரையில் காலை ரயில் ஏறி மாலை கொழும்புக்கு வந்தோம். மாமா, அதாவது கணவரின் அண்ணன், விமான நிலையம் வரை கூட வந்தார். இரண்டாம் வகுப்பில் ஜன்னல் இருக்கை கிடைத்ததால் பெரகலப் பக்கத்து மலைகளைப் பார்த்துக்கொண்டே நிரோஷன் நல்ல பிள்ளையாக இருந்தான். அவன் இப்படித்தான் இருப்பான் என்று நம்பினேன். ரயிலில் எழுந்து நடக்கலாம், வடை வரும், ஸ்டேஷன் வரும். விமானத்தில் இதில் ஒன்றும் கிடையாது.

கொட்டாஞ்சேனையில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை வேனில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனோம். வேன் 1,800 ரூபாய். விமானம் பகல் ஒரு மணிக்கு. வெளிநாட்டு விமானம் அது. பணிப்பெண்களுக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. எனக்கோ இங்கிலீஷ் வாசிக்க வரும், பேச நாக்கு எழாது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு கை காட்டினார். நான் கதிர்காமத்தானை நினைத்து, பையனின் நெற்றியில் திருநீறு பூசி உள்ளே போனேன்.

விளையாட்டுச் சாமான்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டிருந்தேன். எது எவ்வளவு நேரம் தாங்கியது என்று தெரிந்தால் உங்களுக்கு உதவும். நூல் கோத்த வெற்று நூற்கட்டைகள் இருபது நிமிடம். புதுக் கார் பொம்மை, 150 ரூபாய் கொடுத்து வாங்கியது, நான்கு நிமிடம். இருக்கைக்கு முன்னால் இருந்த காகிதப் பை கால் மணி நேரம், அதற்குக் காசும் இல்லை. ஆகவே கடையில் வாங்கிக் குவிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட அதிக நேரம் தாங்கியது பெரட்டு விளையாட்டு. தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் பெரட்டுக் களம் தெரியும், நிரோஷன் தினமும் பார்ப்பான். சாப்பாட்டுத் தட்டில் வந்த கரண்டி, கோப்பை, உப்புப் பொட்டலம் எல்லாவற்றையும் மடிப்பலகையில் வரிசையாக நிறுத்தி, அவனை வரவு பதியும் கணக்கப்பிள்ளை ஆக்கினேன். நான் அக்கா பிள்ளைகளில் தொடங்கி வீட்டுப் பெயர்களைக் கூப்பிடுவேன். அவன் ஒரு சாமானைத் தொட்டு "வந்தாச்சு" என்பான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடியது.

"ஜெயா?"

"வந்தாச்சு."

"குட்டி அண்ணன்?"

"வந்தாச்சு."

தெரியாத்தனமாக அடுத்த பெயரையும் சொல்லிவிட்டேன். "அம்மா?"

அவன் கரண்டி, கோப்பை எல்லாவற்றையும் பார்த்தான். ஒன்றையும் தொடவில்லை. உதடு பிதுங்கியது. "அம்மா வரல," என்றான். பிறகு வீறிட்டு அழுதான். "அம்மாகிட்டப் போகணும்! சித்தி வேணாம்! அம்மாகிட்டப் போகணும்!"

சுற்றியிருந்தவர்கள் திரும்பினார்கள். அதுவரை கண்ணை மூடியிருந்த டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை ஆரிட்டப் போகோணும் எண்டு அழுகுது?"

"அவங்க பெரியம்மாகிட்டங்க, டீச்சர்."

"பெரியம்மா எண்டு சொல்லேல்லையே. அம்மா எண்டல்லோ சொல்லுறார். உங்களைச் சித்தி எண்டுறார்."

வீட்டுக் கதையை நான் விளக்கினேன். எனக்கே அது கோணல்மாணலாக விழுந்தது. பதற்றத்தில் காமாலையை முதலில் சொல்லிவிட்டு, யார் யாருக்கு என்ன முறை என்பதைப் பிறகு சொன்னேன்.

"பெத்த தாயைச் சித்தி எண்டு ஆர் கூப்பிடுகினம்? முப்பத்திரண்டு வருசம் படிப்பிச்சனான், நான் இப்பிடி ஒரு பிள்ளையைக் கண்டதில்லை."

"எங்க வீட்டுல அப்படித்தாங்க பழகிருச்சு."

"தாய்க்குத் தெரியுமோ, நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறது?"

"நான்தாங்க தாய்!"

என் குரல் உயர்ந்துவிட்டது. அவன் இன்னும் அழுதான். டீச்சர் மணியை அழுத்திப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவர்மேல் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பணிப்பெண் கடவுச்சீட்டுகளைக் கேட்டார். என்னுடையதில் என் பெயருக்குப் பின் என் அப்பா பெயர். அவனுடையதில் அவன் அப்பா பெயர். நம் வழக்கம் அதுதானே. அந்தப் பெண்ணுக்கு அது இரண்டு வேறு குடும்பம். பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ் எங்கே என்று டீச்சர் வாயால் கேட்டார்கள். தொலைந்துபோகக் கூடாது என்று அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சேலைக்குள் சுற்றி, பெரிய சூட்கேஸின் அடியில் வைத்திருந்தேன். சூட்கேஸோ விமானத்தின் வயிற்றில்.

பணிப்பெண் சொன்னதை டீச்சர் தமிழில் சொன்னார். "இறங்கினாப் பிறகு அதிகாரியள் கேப்பினமாம். அதுமட்டும் பயப்பிடாமல் இருக்கட்டாம்."

இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பிள்ளையை வாங்கித் தனியாக வைப்பார்களோ, லண்டனில் நமக்காக வெளியே நிற்கப்போகிற கணவருக்கு யார் சொல்வார்கள், இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்லுமோ என்றே நினைப்பு ஓடியது. முருகா, இந்தப் பிள்ளையை என் கையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, கதிர்காமத்துக்கு நடந்து வந்து அவன் முடியை இறக்குகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

அதன்பிறகு விளையாட்டுக் காட்டியது அவன் சிரிப்பதற்காக இல்லை, அழாமல் இருப்பதற்காக. நடைவழியில் கழிவறை வரைக்கும் போய்த் திரும்புவதையே ரயில் ஆக்கினேன். ஒவ்வொரு வரிசையும் ஒரு ஸ்டேஷன்: எல்ல, பண்டாரவளை, தியத்தலாவ, ஹப்புத்தளை. ஹப்புத்தளையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா விழித்து அவனுக்குக் கை நீட்டி டிக்கட் கேட்டார், கடவுள் அவரை நன்றாக வைக்கட்டும். இடையில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன்.

"கண்ணா, நான் யாரு?"

"சித்தி."

"அம்மான்னு சொல்லு. ஒரு தடவை சொல்லு. டொபி தாறேன்."

"அம்மா இல்ல. சித்தி," என்று கணக்கப்பிள்ளை மாதிரி திருத்தினான்.

"சொல்லிக் குடுக்கிறீங்களோ?" என்றார் டீச்சர், என்னைப் பார்க்காமலே. டொபியைத் திரும்பப் பையில் போட்டேன்.

விமானம் இறங்கத் தொடங்கியபோது அவன் காது அடைத்துவிட்டது. பெல்ட்டைப் போட்டு இருக்கையில் கட்டியிருந்தோம். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, முகம் சிவந்து, மூச்சு வாங்க அலறினான். டீச்சர் குனிந்து கையை நீட்டினார்.

"வா ராசா, என்னட்ட வா. நான் உன்னை அம்மாட்டக் கூட்டிக்கொண்டு போறன். அம்மா நிக்கிறா, வா."

அவன் அவர் கையைத் தள்ளினான். அம்மா என்ற பேச்சையே அவன் காதில் வாங்கவில்லை. "சித்தி! சித்தி! வலிக்குது சித்தி!" என்று கத்திக்கொண்டே பெல்ட்டோடு என் பக்கம் திரும்பி, தாலிக்கொடியை எட்டிப் பிடித்து, மூக்கை என் கழுத்தில் தேய்த்தான். வலி வந்தாலும் தூக்கம் வந்தாலும் பிறந்ததிலிருந்து அவன் செய்வது அது. நான் அவன் வாயில் டொபியை வைத்து, விழுங்கு, விழுங்கு என்று முதுகைத் தடவினேன். டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டார். சக்கரம் தரையில் முட்டும் வரை அவர் எங்கள் இரண்டு பேரையுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானக் கதவருகிலேயே ஓர் அதிகாரி நின்றார். எங்களை ஒதுக்குப்புறமான மேசைக்குக் கூட்டிப் போனார். மொழிபெயர்க்க ஆள் வர நேரமாகுமாம், டீச்சரிடமே உதவி கேட்டார்கள். முறைப்பாடு செய்தவரே என் வாயும் ஆகப் போகிறார்.

அதிகாரி பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, என்னைக் காட்டி ஏதோ கேட்டார்.

"ராசா, இது ஆர்?" என்றார் டீச்சர்.

"சித்தி," என்றான் என் மகன், தெளிவாக.

டீச்சர் அதிகாரியிடம் திரும்பி ஒரே சொல் சொன்னார். "மதர்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு சூட்கேஸ் வந்து, சேலைக்குள்ளிருந்து சான்றிதழ்கள் வந்து, எல்லாம் சரிபார்த்து விட்டார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. டீச்சரின் மகள் வெளியே காத்திருந்தும் அவர் எங்களோடேயே இருந்தார்.

பிரியும்போது, "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ," என்றார்.

"நல்லதைத்தாங்க செஞ்சீங்க."

"நாளைக்கே அவனுக்கு அம்மா எண்டு பழக்குங்கோ. எனக்குத் தமிழ் படிப்பிச்சுப் போட்டான் பொடியன்." இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு முடிவதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

போகப்போகும் தாய்மாருக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். பிறப்புச் சான்றிதழும் கல்யாணச் சான்றிதழும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு கைப்பையில் இருக்கட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் உறிஞ்ச ஏதாவது கொடுங்கள். புதுப் பொம்மையை விட, பிள்ளை வீட்டில் பார்த்த வேலையை விளையாட்டாக்கினால் அதிக நேரம் இருக்கும். ஆனால் வீட்டில் விட்டுவந்தவர்கள் பெயரை அதில் சேர்க்காதீர்கள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. நிரோஷன் அம்மா என்று கூப்பிடப் பழகவில்லை. அது மட்டுமில்லை, இங்கே பிறந்த மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. அண்ணனைப் பார்த்து அவளும் என்னைச் சித்தி என்கிறாள். வரும் ஆடியில் கதிர்காமத்து நேர்த்தியைத் தீர்க்க இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நான் தனியாகப் போகவேண்டும். கணவருக்கு லீவு இல்லை. தகப்பனின் சம்மதக் கடிதம் இங்கிலீஷில் இருந்தால் போதுமா, இல்லை வக்கீலின் கையெழுத்தும் வேண்டுமா? அண்மையில் இப்படிப் போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கீழே எழுதுங்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் டிக்கட் எடுக்கவேண்டும், அதற்கு முன் பதில் வேண்டும்.