காவடி ஆடுகிற எழுத்து

என்னைப் பெற்ற நைனாவை முருகன் அழைத்துக்கொண்டான். கண்ணீர் அஞ்சலி பேனருக்காக நேற்று ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரத் தம்பி திரையில் காட்டிய எழுத்து தடிமனாக, ஒரு பக்கம் சாய்ந்து, அங்கங்கே உதிர்ந்தாற்போல் இருந்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"பழசு மாதிரி தெரியணும்னு கம்ப்யூட்டர்லயே தேச்சி உட்டுகீறாங்கண்ணா. இப்போ இதான் ஓடிக்கினு இருக்குது" என்றான்.

நைனா நடத்திய எங்கள் அச்சகத்தில் இதே சாய்ந்த எழுத்து தானாகவே தேய்ந்தது. முருகன் கோயில் மலையடிவாரத்தில், இன்று லாட்ஜ் நிற்கிற இடத்தில், மண்ணெண்ணெயும் மையும் மணக்கிற ஒரே அறை. ஆடிக் கிருத்திகை நெருங்கினால் மிஷின் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டே இருக்க, நைனா அந்தச் சாய்ந்த மரக்கட்டை எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, திருநீறு தொட்டு வைத்து, காவடி நோட்டீசின் தலையில் 'அரோகரா' என்று அடுக்குவார், மை காயாத தாள்களை அம்மாவும் நானும் கொடியில் போடுவோம், வெளியே பம்பைச் சத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

சாவு நோட்டீசுக்கு மட்டும் அந்த எழுத்தை நைனா தொடவே மாட்டார். யாராவது கேட்டால், "அது காவடி ஆடற எழுத்துய்யா. போனவருக்கு நேரா நிக்கிற எழுத்துதான்" என்பார்.

ஆனாலும் அது அவர் கை பட்ட எழுத்தாயிற்றே. மனசு கேட்காமல், எதைப் போடுவது என்று கடையிலிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நேராவே போட சொல்லுடா. சாய்ச்சி போட்டா, காவடி எடுத்துக்கினு மலைக்குப் போயிகீறாரு, எறங்கி வந்துடுவாருன்னு நெனச்சிக்கினே இருப்பேன்."