சூசை அண்ணர் மாற்றி வைத்த வரி

எங்கள் பங்குச்சந்தை வரைபடக் குழுவில் அவரை அறிந்த அனைவருக்கும்,

சந்தை திறந்து சற்று நேரத்தில் சூசை அண்ணரின் மகள் அழைத்தாள். "அன்ரி, அப்பா மோசம் போயிட்டார்." அவர் இறந்த செய்தியைக் கேட்டபடியே என் கண் திரைக்குப் போனது. எதிரே திரையில், அவரும் நானும் வாங்கியிருந்த ஒரே பங்கு சரிந்துகொண்டிருந்தது. பேசாலையில் என் வீட்டுக்குக் கூரை போடச் சேர்த்ததெல்லாம் அதில்தான் கிடந்தது. இனி யாரைக் கேட்பேன் என்ற பயம் துக்கத்தை முந்திக்கொண்டு வந்தது.

அவர் மன்னார்ப் பட்டினத்தில் கைபேசி திருத்தும் கடை வைத்திருந்தார். நான் தையல்காரி. பங்கு விலை வரைபடத்துக்குக் கணினியில் சூத்திரம் எழுதுவதை எவரிடமும் பயிலாமல் நானாகவே கற்றுத் தேர்ந்தவள். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆகவே எங்கள் விவாதம் சமமாகவே நடக்கும். "டீச்சர், உங்கட தமிழைக் கேட்டால் விழுந்த விலையும் எழும்பி நிண்டு மரியாதை செய்யும்" என்று, தையல்காரியான என்னை டீச்சராக்கிச் சீண்டுவார். "நீங்கள் முதலில் அடைப்புக்குறியை ஒழுங்காக மூடுங்கோ" என்பேன்.

அவரது பிடிவாதத்தை நீங்கள் அறிவீர்கள். வாங்கும் சமிக்ஞை தோன்றிய நாளின் தாழ்ந்த விலையை எங்கள் சூத்திரம் பிடித்து வைத்திருக்கும். சந்தை விலை அதற்குக் கீழே இறங்கினால் அலாரம் ஒலிக்கும், விற்றுவிட வேண்டும். ஆனால் விற்பதற்கு முன்பே அதே சமிக்ஞை மீண்டும் மீண்டும் தோன்றுவதுண்டு. அப்போது எந்த நாளின் விலையைப் பிடித்திருப்பது? புதிய விலைக்கு மாறலாமே என்று கேட்டேன். "மாத்தக்கூடாது. முதல் சிக்னலின்ர விலையைப் பிடியுங்கோ. பிறகு வாறதுகளுக்கெல்லாம் இறங்கிக் குடுத்தால், பங்கு தரையில கிடக்கும், அலாரம் நித்திரை கொள்ளும்" என்றார்.

பிறகு நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அவரைப் பார்க்கச் சென்றபோதெல்லாம் நற்செய்தி ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் இருமல் குறைந்திருந்தது. இன்னொரு நாள், "இண்டைக்குக் காய்ச்சல் இல்லை டீச்சர், இரண்டு இடியப்பமும் சாப்பிட்டனான். இனி எழும்பீடுவன்." ஒவ்வொரு முறையும் முன்னையிலும் மெலிந்திருந்தார். பங்கைப் பற்றிக் கேட்டேன். "அதுவும் எழும்பும், பொறுங்கோ."

அவரை அடக்கம் செய்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து திரும்பியதும், இருவரும் திருத்தக்கூடிய எங்கள் பொதுச் சூத்திரத்தைத் திறந்தேன். பங்கு அவ்வளவு விழுந்தும் அலாரம் ஏன் ஒலிக்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. 'முதல்' என்று இருந்த இடத்தை, பதிவான தேதியின்படி, ஆஸ்பத்திரியில் இருந்தபடியே 'கடைசி' என்று மாற்றியிருந்தார். பிடித்த விலை ஒவ்வொரு சமிக்ஞைக்கும் இறங்கி இறங்கி வந்திருந்தது. தெரிந்து மாற்றினாரா, காய்ச்சலில் மாற்றினாரா? நான் அறியாத எதையோ கண்டாரா?

பிறகு அந்த இடியப்பம் நினைவுக்கு வந்தது. முதல் நாளிலிருந்து எவ்வளவு இறங்கிவிட்டோம் என்று பார்க்க அவர் பயந்திருந்தார். ஒவ்வொரு சிறு நற்செய்தியிலிருந்தும் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கிக்கொண்டிருந்தார். எனக்கும் அதே பயம்தான். ஆகவேதான் நானும் சூத்திரத்தைத் திறந்து பார்க்காமலே இருந்தேன்.

'முதல்' என்று திருத்தினேன். அலாரம் உடனே அலறியது. இறந்தவரின் கடைசிச் சொல்லை மீறுகிறேன் என்ற நடுக்கத்தோடு, எஞ்சியதை விற்றேன். மறுநாள் விலை சற்று ஏறியது. எதை வெட்டினாலும் பிழையாகிவிடும் என்று அன்று முழுதும் கத்தரிக்கோலைத் தொடப் பயந்தேன்.

அவர் மாற்றிய வரியை நான் அழிக்கவில்லை. முன்னால் இரண்டு சாய்கோடுகள் இட்டு, கணினி கடந்து போகும் வெறுங்குறிப்பாக அங்கேயே வைத்திருக்கிறேன். அதன்கீழ் ஒரேயொரு சொல் எழுதியிருக்கிறேன்: ஆசைப்பட்டார்.