பெட்டியின் மூலையிலிருந்து எண்ணியவள்

கல்யாணி போய்விட்டாள் என்று சென்ற செவ்வாய்க்கிழமை அவளுடைய அண்ணன் தொலைபேசியில் சொன்னார். மஞ்சள் காமாலைக்கு மருத்துவமனையில் சேர்த்திருந்ததே எனக்குத் தெரியாது. "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அவளோடு வேலை பார்த்த உங்களிடம் மீதியைச் சொல்கிறேன்.

தில்லியில் மோதி பாக் அரசு ஊழியர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் அவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்த புதிதில் நான் பேசுவதைக் கேட்டு, "அரே, இது பேச்சா, சண்டையா?" என்றாள். அன்று முதல் மதியச் சாப்பாட்டுக்கு என்னைத் தனியே உட்கார விட்டதில்லை.

ஒருமுறை சரோஜினி நகர்ச் சந்தையில் வாங்கிய குர்த்தாவை மறுநாள் மாற்றப் போனோம். வாசலிலிருந்து எட்டாவது கடை என்று எண்ணி வைத்திருந்தேன். எட்டாவது இடத்தில் ஒருவர் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார். நடைபாதைக் கடைகள் தினமும் இடம் மாறும் என்பது எனக்குத் தெரியாது. "கணக்கு டீச்சர், குர்த்தா எங்க?" என்று பஸ் வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வேலையிலும் நான் அதையேதான் செய்தேன். விடுப்பு விண்ணப்பத்துக்கான மென்பொருள் அது. ஆள் இல்லாமல் தானே சுட்டியை நகர்த்தி அழுத்திப் பார்க்கும் சோதனையை நான் எழுத வேண்டும். திரையில் வரும் நாட்காட்டிப் பெட்டியை எங்கள் கருவி அடையாளம் காணும், உள்ளே இருக்கும் தேதிகளைக் காணாது. ஆகவே திரையின் மூலையிலிருந்து புள்ளிகளை எண்ணி இடம் குறித்தேன். மேலாளரின் கணினியில் மென்பொருளின் ஜன்னல் திரையில் சற்றுத் தள்ளித் திறந்தது. சுட்டி வெற்றிடத்தை அழுத்தியது. "யே க்யா ஹை?", இது என்ன என்றார் அவர். நான் பயிற்சிக் காலத்தில் இருந்தேன். வெள்ளிக்கிழமை மறுபடி ஓட்டிக் காட்டும்போதும் தவறினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

"ஸ்க்ரீன் மூலைய விடு. அந்தப் பெட்டியோட மூலைலேருந்து எண்ணு. பெட்டி எங்க போனாலும் தேதி அதுக்குள்ளதானே இருக்கும்?" என்றாள் கல்யாணி. இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினோம். ஜன்னலை எங்கே இழுத்துப் போட்டாலும் சரியாக அழுத்தியது.

வெள்ளிக்கிழமை, இருபத்து நான்குக்குப் பதில் பதினாறாம் தேதி அழுந்தியது. அறையே என்னைப் பார்த்தது. "சார், தப்பு என்னோடது. நான் சொன்ன வழி இது" என்று கல்யாணி இந்தியில் சொன்னாள். குரலில் நடுக்கமே இல்லை.

அவள் பேசிக்கொண்டிருந்தபோது திரையைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட மேலாளர் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தார். பெட்டியும் பெருத்திருந்தது. "புள்ளியா எண்ணக் கூடாதுடி. பெட்டி அகலத்த ஏழாப் பிரிக்கணும், வாரத்துக்கு ஏழு நாள்தானே. உயரத்தையும் அப்படியே வரிசை வரிசையாப் பிரிக்கணும்" என்று அவள் காதில் சொன்னேன்.

"எங்கிட்ட ஏன் சொல்றே? அவர்கிட்ட சொல்லு" என்று எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தந்தாள்.

ஓட்டை இந்தியில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. திருத்தி முடிக்கும்வரை மேலாளர் காத்திருந்தார். சுட்டி இருபத்து நான்கில் போய் நின்றது. வேலை நிலைத்தது.

அன்று யோசனை எனக்கு வந்தது. அதைச் சொல்ல இடம் கிடைத்தது அவளால். தன் தவறை அவள் முதலில் ஒப்புக்கொண்டதால்தான் என் வாய் திறந்தது. இப்போது என்னோடு வேலை பார்க்கும் பெண்களின் சோதனை தவறும்போது, நான் சொல்லிக்கொடுத்ததில் பிழை இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிறேன். கல்யாணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது.